நாக்குக்கு அடியில் பத்து நிமிடம்

மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துவிட்டால் பத்து நிமிடம் பேசக்கூடாது. எச்சிலை விழுங்கக்கூடாது. தண்ணீர் கேட்கக்கூடாது. ஆஸ்பத்திரியில் எங்கள் அறையில் சுவரைப் பார்த்து ஆறு நாற்காலிகள் போட்டிருந்தோம். சுவரில் ஒரு கடிகாரம். நேரம் முடிந்ததும் ரத்னா சிஸ்டர் சின்ன டார்ச்சோடு வருவார். "நாக்கத் தூக்குங்க" என்பார். இடது பக்கம், வலது பக்கம் பார்த்துவிட்டு அட்டையில் கையெழுத்துப் போடுவார். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் இது நடந்தாக வேண்டும்.

ஷரீஃப் பாய் மூன்றாவது நாற்காலி. வயது நாற்பத்தாறு. தி. நகரில் கல்யாண ரவிக்கைகளில் ஆரி ஊசியால் பூவேலை செய்கிறவர். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிக்கு முன்னால் குனிந்தபடி முப்பது வருடம். கழுத்து வலிக்கு மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கினார். முகூர்த்த மாதங்களில் இரண்டு. பிறகு வலி இல்லாத நாளிலும் வேண்டியிருந்தது. நாளுக்கு இருபது வரை போனது. போன வருடம் ஒரு மதியம் உதடு நீலமாகி வீட்டுப் படிக்கட்டில் கிடந்தார்.

அந்த மாத்திரையிலிருந்து வெளியே வர, நாக்குக்கு அடியில் வைக்கும் இந்த மாற்று மருந்து எந்த அளவு போதும், எத்தனை நாள் தர வேண்டும் என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வு. மொத்தம் இருபத்துநான்கு வாரம். பதினாறாவது வாரத்திலிருந்துதான் மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவோம். அதுவரை தினமும் எங்கள் கண்முன்னால். எனக்குக் கேள்வித்தாள் வேலை. வியாழக்கிழமைதோறும் வீடுகளுக்குப் போவேன்.

அவர்கள் வீடு மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், இரண்டாவது மாடி. மெட்ரோ வேலைக்கு அடைத்த தகரத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஒரு அறை, ஒரு சமையலறை. ஜன்னலோரம் சின்ன மரச்சட்டம் ஒன்று. கல்லூரி விட்டு வந்ததும் மகள் ஃபிசா அதில் உட்கார்ந்து அப்பா கொண்டுவரும் வேலையில் பாசி தைப்பாள். நான் கேள்வி கேட்கும்போது தலையைத் தூக்க மாட்டாள். ஆனால் ஊசி நின்றுவிடும்.

ரமலானுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் சகினா அக்கா அதைச் சொன்னார். அவர் ஷரீஃப் பாயின் மனைவி. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணன் இன்னா சொல்லிட்டாரு தெரியுமாம்மா? முப்பது நோன்பும் வெக்கட்டும், அப்ப நம்புறேன்னாரு."

அண்ணன் என்றால் சேட்டு பாய். ஷரீஃப் பாய் வேலை பார்க்கும் ஆரிப் பட்டறை அவருடையது.

"போன வருசம் எட்டாவது நோன்பு அன்னிக்கு, பட்டறை பாத்ரூம்ல இவரு மாத்திரைய வாய்ல கொட்டிக்கினு இருந்தத அவருதான் பாத்தாரு. இந்த வருசம் ஒரு நோன்பு வுட்டாலும் என்னையும் ஃபிசாவையும் அவரு வூட்டுக்கு இட்டுக்கினு பூடுவாராம். இவரு தனியா கெடக்கட்டும்ன்றாரு."

"நீங்க என்ன சொன்னீங்க அக்கா?"

"நான் இன்னா சொல்றது. படிக்கட்டுலேர்ந்து இவர தூக்கிக்கினு ஓடுனது அவருதான். கால்ல செருப்புகூட இல்ல. அவரு சொல்றப்ப நான் இன்னா வாய தொறக்கறது."

ஷரீஃப் பாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "நோன்பு எனக்கு இன்னா புதுசா? ஏழு வயசுலேர்ந்து வெக்கறேன்."

"மாத்திரை காலைலதான தர்றோம் பாய்."

"அதான் கேக்கறேன். சாயங்காலம் குடுக்கச் சொல்லுங்க. ஒரு மாசந்தான."

"பள்ளிவாசல்ல கேட்டீங்களா?"

"கேக்காம இருப்பனா? ஹஜ்ரத் தங்கமான மனுசன். நோயாளிக்கு நோன்பு கட்டாயம் இல்ல, உடம்பு தேறுனப்பறம் வெச்சிக்கன்னாரு."

"அப்புறம் என்ன?"

"அல்லா மன்னிச்சிடுவான்மா. மச்சான் மன்னிக்க மாட்டாரு."

சகினா அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னா நோயின்னு அண்ணன் கேப்பாரு. சொல்ல முடியுமா? ஒரு தடவ, இந்த மாதிரி மருந்து கீதாமே, பேப்பர்ல போட்டிருந்தானேன்னு சும்மா பேச்ச எடுத்தேன். மாத்திரைய வுடறதுக்கு மாத்திரையா, சாராயத்த வுடறவனுக்கு பிராந்தி ஊத்துவாங்களான்னாரு. அதோட நிறுத்திக்கினேன்."

சேட்டு பாயிடம் என்னைச் சர்க்கரை வியாதி சர்வே எடுக்கிற பெண் என்றுதான் சொல்லியிருந்தார்கள். காலையில் ஷரீஃப் பாய் பட்டறைக்கு லேட்டாக வருவது கழுத்து வலிக்குக் கரண்டு சிகிச்சைக்குப் போவதால் என்றும் சொல்லியிருந்தார்கள். நானும் திருத்தவில்லை. யார் எங்கள் ஆய்வில் இருக்கிறார்கள் என்று வெளியே சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

மறுநாள் ஆய்வை நடத்தும் டாக்டரிடம் கேட்டேன். கேட்பதற்கு முன் அவர் அறை வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பி வந்தேன்.

"நேரத்த மாத்தினா அது ஆய்வு விதியையே மாத்தறது," என்றார். "எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதி அனுமதி வாங்கணும். நான் போன வாரமே எழுதிட்டேன். இவர் ஒருத்தர் மட்டுமில்ல, இன்னும் நாலு பேர் நோன்பு வெக்கறவங்க இருக்காங்க."

"கமிட்டி எப்ப கூடும் டாக்டர்?"

"அடுத்த மாசம் இருபத்தஞ்சு."

"அதுக்குள்ள பெருநாளே முடிஞ்சிடும்."

"தெரியும்." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சாயங்காலம் சிஸ்டர் கிடையாது. மருந்து அலமாரி சாவி எங்கிட்டயும் கிடையாது. அவர் நோன்ப விடலாம். இல்லன்னா ஆய்வ விடலாம். எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்னு படிவத்திலேயே இருக்கு. ஆய்வ விட்டா இந்த மருந்து கிடைக்க பெரியாஸ்பத்திரி வரிசைல நிக்கணும். அதையும் சொல்லிடுங்க."

சொன்னேன். ஷரீஃப் பாய் கேட்டுக்கொண்டார். "காலைல வந்து போட்டுக்கறேன்," என்றார். "மத்தபடி பச்சத் தண்ணி குடிக்காம இருந்துக்கறேன். மச்சானுக்கு நோன்பு. உங்களுக்கு மாத்திரை. அல்லாகிட்ட நான் பேசிக்கறேன்."

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது.

மாசி வெயிலில் நோன்பு தொடங்கியது. முதல் நாளே வியாழக்கிழமை. நான் போனபோது வீட்டில் எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். விடிவதற்கு முன் எழுந்து சாப்பிட்டவர்கள். சகினா அக்கா பள்ளிவாசல் கஞ்சிக்குத் தூக்குப் பாத்திரத்தைக் கழுவி வைத்திருந்தார். என் படிவத்தில் கொட்டாவிக்கு ஒரு கட்டம் உண்டு. மூக்கொழுகல், வியர்வை, கை நடுக்கம், மயிர்க்கூச்சம், கண்மணி விரிதல், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். மருந்து போதாவிட்டால் உடம்பு காட்டும் அடையாளங்கள் இவை. கொட்டாவிக்குப் பூஜ்ஜியம் போட்டு, ஓரத்தில் "நோன்பு" என்று எழுதினேன்.

எட்டாம் நோன்பன்று அவர் தும்மிக்கொண்டிருந்தார். ஏசி வேலையிடம், புழுதி, மெட்ரோ தோண்டுகிறார்கள். ஓரத்தில் "நோன்பு, புழுதி" என்று எழுதினேன். பதினைந்தாம் நோன்பன்று மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்தும் சட்டை நனைந்திருந்தது. கையில் மயிர் நின்றிருந்தது. ஆள் மெலிந்திருந்தார்.

"தூக்கம் எப்படி பாய்?"

"வருது போவுது."

"மாத்திரை போதுதா?"

"போதும்மா."

ரத்னா சிஸ்டரின் அட்டையில் ஒரு நாள்கூடத் தவறாமல் கையெழுத்து இருந்தது. சிறுநீர்ப் பரிசோதனையில் பழைய மாத்திரையின் தடயம் இல்லை. நான் மறுபடியும் ஓரத்தில் "நோன்பு" என்று எழுதினேன்.

இருபத்திரண்டாம் நோன்பு அடுத்த வியாழன். சந்து முனையில் சமோசாவுக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. மாடி ஏறும்போதே சேட்டு பாயின் குரல் கேட்டது. கோபக் குரல் இல்லை. வேலைக் குரல்.

"காலைல வடபழனிலேர்ந்து பொண்ணோட அம்மா வந்து நிப்பாங்க. ஒரு கை முடிச்சிட்ட. இன்னொரு கை எங்க? மயில் கழுத்து பாதிலயே நிக்கிது. மயிலுக்கும் உன்னாட்டம் கழுத்து வலியா?"

ஃபிசா சிரித்தாள். ரவிக்கைத் துணி ஜன்னலோரச் சட்டத்தில் கட்டியிருந்தது. அரக்குப் பட்டு. ஷரீஃப் பாய் நேற்றே அதை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார். இன்று பட்டறைக்குப் போகவில்லை. கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல்களில் ஊசி ஏறிய புள்ளிகள். முப்பது வருடம் ஆரி ஊசி பிடித்தவர் விரலில் குத்திக்கொள்வதில்லை.

"வாம்மா, சுகர் மேடம்," என்றார் சேட்டு பாய். கனத்த உடம்பு, வெள்ளைத் தொப்பி. "இவருக்கு சுகர் ஏறிடுச்சா எறங்கிடுச்சா பாத்து சொல்லு. ரெண்டு நாளா கை ஆடுது."

"நோன்பு மாமு," என்றாள் ஃபிசா.

"நானுந்தான் நோன்பு. எனக்கு ஆடுதா?"

"நீங்க ஊசி புடிக்கறதில்லியே. ஃபோன்தான புடிக்கறீங்க."

"பாத்தியா சகினா, உம்பொண்ணு வாய." அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. "சரி, நீயே போடு மிச்சத்த. வெள்ள முத்து எங்க?"

"அத்தா டப்பால கீது."

கட்டிலுக்குப் பக்கத்தில் ஷரீஃப் பாயின் சாப்பாட்டுப் பை தொங்கியது. நோன்பு மாதத்திலும் அதை அவர் தினம் எடுத்துப்போனார். பாசி டப்பா அதில்தான் இருக்கும். அவர் கையை நீட்டுவதற்குள் ஃபிசா எடுத்துத் திறந்து பட்டுத் துணியின் மேல் கவிழ்த்துவிட்டாள்.

முத்துகள் உருண்டன. ஜரிகைத் தாளில் மடித்த பொட்டலம் ஒன்று உருளாமல் நின்றது. அவள் பிரித்தாள். ஓரம் கரைந்து, கோணலாகக் காய்ந்த வெள்ளைத் துண்டு.

சேட்டு பாய் எழுந்து வந்து அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"மச்சான். இது இன்னா முத்து?"

ஷரீஃப் பாய் அவரைப் பார்த்தார்.

"இத்தினி நாளா எம்பக்கத்துல உக்காந்து கஞ்சி குடிச்ச. பட்டறை பசங்க எதிர்ல, என் மச்சான் தேறிட்டாருன்னு சொன்னேன். சொன்னனா இல்லியா?"

"அண்ணே, அது வேற மாத்திர," என்றார் சகினா அக்கா.

"போன வருசமும் இதான் சொன்ன. கழுத்து வலி மாத்திரன்ன. ஃபிசா, பைய எடு. உன் புக்குங்கள எடுத்துக்க."

ஃபிசா அசையவில்லை. சேட்டு பாயே அலமாரி மேலிருந்த பெரிய பையை இழுத்துப் போட்டு, கொடியில் கிடந்த துணிகளை அதில் திணித்தார். எது யாருடைய துணி என்று பார்க்கவில்லை. பையைக் கொண்டுபோய் வாசலில் வைத்தார்.

சகினா அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. இது உங்க மாத்திரைதான?"

நான் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் மாத்திரைதான். பார்த்தவுடனே தெரிந்தது. அதைச் சொல்லிவிட்டால், மாத்திரையை வெளியே எடுத்துச் சென்றதை நான் கண்ணால் பார்த்தவள் ஆகிவிடுவேன். அதற்குத் தனிப் படிவம் உண்டு. அதை எழுதினால் அவர் ஆய்வில் இருக்க முடியாது. சொல்லாவிட்டால் வாசலில் பை இருக்கிறது. அதற்கும் முன்னால், சேட்டு பாய் எதிரில் ஆய்வைப் பற்றிச் சொல்லும் உரிமையே எனக்கு இல்லை.

ஷரீஃப் பாயைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். "சொல்லிடுங்க," என்றார்.

"எங்க மாத்திரைதான்," என்றேன். "சுகருக்கு இல்ல. அந்த வலி மாத்திரைய விடறதுக்குக் கொடுக்கற மருந்து. தினம் காலைல எங்க ஆஸ்பத்திரில கொடுக்கறோம். பழைய மாத்திரைய அவர் தொடல. வாரா வாரம் சிறுநீர் பாக்கறோம். இல்ல."

சேட்டு பாய் என்னை அப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தார்.

"தினம் காலைலயா?"

"ஆமா."

"அப்ப நோன்பு?"

"நோன்பு வெச்சேன்," என்றார் ஷரீஃப் பாய்.

"வாய்ல மாத்திரைய போட்டுக்கினா?"

"எடுத்துடுவேன். மொத ரெண்டு நாளு எடுக்கறதுக்குள்ள கரைஞ்சிடுச்சி. அந்த ரெண்டு நோன்பு பாக்கி, அப்புறம் வெக்கணும். மூணாம் நாள்லேர்ந்து, கொஞ்சம் ஊறுனதும் மூஞ்சி தொடைக்கற மாதிரி கர்ச்சீப்ல எடுத்துக்குவேன். எச்சிலயும் அதுலயே துப்பிடுவேன். சிஸ்டர் வந்து பாக்கறப்ப வாய் சுத்தமா இருக்கும். மிச்சத்த பாங்கு சொன்னப்பறம் வெச்சிக்கறேன்."

"கஞ்சி ஊத்துனதும் நீ பாத்ரூம் போவியே."

"அதான்."

"நீ அத சொல்லவே இல்லியே," என்றார் சகினா அக்கா. "எங்கிட்ட காலைல போட்டுக்கறேன்னுதான சொன்ன."

"ரெண்டு பக்கமும் பொய்யா இருக்க முடியல சகினா. மாத்திரையும் போடணும், நோன்பும் நோன்பா இருக்கணும். ரெண்டும் செய்யலாம்னு பாத்தேன்." அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "இருபது நாளா பாதி மாத்திரைல ஓட்டறேன் மச்சான். படுத்தா கால முறுக்குது. ஊசிய பாத்தா ரெண்டா தெரியுது. நேத்து அந்த மருந்துக்கட வாசல் வரைக்கும் போனேன். நின்னேன். கண்ணாடி கதவுல என் மூஞ்சி தெரிஞ்சிச்சி. வந்துட்டேன்."

சேட்டு பாய் தரையில் உட்கார்ந்தார். துண்டு இன்னும் அவர் உள்ளங்கையில் இருந்தது.

"நோன்பு வெக்கச் சொன்னது நானு," என்றார்.

பிறகு நான் சொன்னேன். "இத நான் எழுதணும் பாய்."

"எழுதுனா?"

"ஆய்வுலேர்ந்து எடுத்துடுவாங்க."

சகினா அக்கா என் கையைப் பிடித்தார். கை ஈரமாக இருந்தது. "நீங்க பாக்கலம்மா. நீங்க வந்தப்ப டப்பா மூடியிருந்திச்சி. நான் எடுத்து போட்டுடறேன். நீங்க ஏன் எழுதணும்?"

ரத்னா சிஸ்டரின் அட்டையில் இந்த இருபது நாளுக்கும் கையெழுத்து இருந்தது. என் தாள்களில் மூன்று வியாழன் ஓரத்தில் "நோன்பு" இருந்தது. ஷரீஃப் பாய் உடம்பில் ஏறிய பாதி மாத்திரை எங்கள் கணக்கில் முழு மாத்திரை. நாளைக்கு யாரோ ஒருவருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். இதையெல்லாம் அவரிடம் சொல்ல நினைத்தேன். "முடியாதுக்கா" என்பது மட்டும்தான் வந்தது.

"வுடு," என்றார் ஷரீஃப் பாய். "அந்தப் பொண்ணையும் பொய் சொல்ல வெக்காத."

பாங்கு கேட்டது. சகினா அக்கா எழுந்து போய்த் தூக்கைக் கொண்டுவந்து கிண்ணங்களில் கஞ்சி ஊற்றினார். தட்டில் பேரீச்சம்பழம் வைத்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். சேட்டு பாய் ஏதோ முணுமுணுத்துப் பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு உள்ளங்கையை நீட்டினார்.

ஷரீஃப் பாய் அந்தத் துண்டை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். சுவரில் சாய்ந்தார்.

அவர் பேச முடியாது. சாப்பிட முடியாது. அவர் முன்னால் கஞ்சி இருந்தது. பழம் இருந்தது. சேட்டு பாய் குடித்த கஞ்சியின் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. ஃபிசா பட்டுத் துணியிலிருந்து முத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். சேட்டு பாய் அலமாரியில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எத்தினி நிமிசம்?" என்று கேட்டார்.

"பத்து."

"தினமுமா?"

"தினமும்."

கஞ்சியின் மேல் ஆடை படிந்தது. பத்து நிமிடம் ஆனதும் ஷரீஃப் பாய் என் பக்கம் திரும்பி வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினார். யாரும் கேட்கவில்லை. பழக்கம். நான் தலையாட்டினேன். பிறகு அவர் சேட்டு பாய் பக்கம் திரும்பினார். அங்கேயும் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினார். மகளும் மனைவியும் பார்த்துக்கொண்டிருக்க, அப்படியே இருந்தார்.

சேட்டு பாய் குனிந்து பார்த்தார். இடது பக்கம், வலது பக்கம்.

"ஒண்ணும் இல்ல," என்றார். "மூடு மச்சான்."

நான் பையை மாட்டிக்கொண்டு எழுந்தேன். "நாளைக்கு நான் வரட்டுமா மேடம், வேணாவா?" என்று ஷரீஃப் பாய் கேட்டார்.

"வாங்க பாய். ஒம்போதுக்கே வந்துடுங்க. டாக்டர் வர பத்தாகும். அதுக்கப்புறந்தான் நான் படிவத்த கொடுக்க முடியும்."

அவருக்குப் புரிந்தது. "இன்னும் ஒரு மாத்திரை," என்றார்.

"ஆமா. ஒண்ணு."

சேட்டு பாய் சட்டத்திலிருந்து ரவிக்கைத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்.

"நாளைக்கு நோன்பு வெக்காத. முழுசா போட்டுக்கினு வா."

சகினா அக்கா வாசலில் இருந்த பையை எடுத்து வந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பிரிக்கவில்லை.